கருத்தரிப்புச் சிகிச்சையோடு அக்குபஞ்சர்: மதுரைப் பக்கத்துத் தம்பதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் கருத்தரிப்பு மையத்துக்குப் போய்வரும் தம்பதிகளில் பெரும்பாலானோரிடம் யாராவது ஒருவர் அக்குபஞ்சர் பற்றிச் சொல்லியிருப்பார். சிலருக்குச் சொன்னது நாத்தனார், சிலருக்கு அலுவலகத் தோழி. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் மட்டுமல்ல, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போன்ற ஊர்களிலும் இன்று அக்குபஞ்சர் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கருத்தரிப்பு மையம் ஒன்றில் ஆலோசகராக இருப்பதால் தம்பதிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து. எந்த நாளில் அக்குபஞ்சர் ஊசி போடலாம், எந்த நாளில் கூடாது, யாரிடம் போகலாம், எதை நம்பக்கூடாது என்பதெல்லாம் தெரிந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் நடக்கும்.

முதல் படி: பரிசோதனை முடியும் முன் ஊசி வேண்டாம்

திருமணமாகி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள், காசநோய் வந்திருந்தவர்கள், சினைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

பரிசோதனை இருவருக்கும் நடக்க வேண்டும். நம் ஊரில் மனைவிக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் முடிந்து, இரண்டு ஆண்டு அக்குபஞ்சரும் பார்த்த பிறகு கணவருக்கு முதல்முறையாக விந்தணுப் பரிசோதனை நடப்பதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதிகளிடம் ஆணிடமும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும், அன்றோ மறுநாளோ முடிவு வந்துவிடும். செலவும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அளவின்படி, ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது கீழ் எல்லை. அதற்குக் குறைவாக இருந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளல்ல, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள்.

பெண்ணுக்குத் தைராய்டு, ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச்., சினைப்பை ஸ்கேன், கருக்குழாய்ப் பரிசோதனை ஆகியவை அடிப்படை. இரண்டு குழாய்களும் அடைத்திருந்தால் எந்தப் புள்ளியில் எத்தனை ஊசி குத்தினாலும் அடைப்பு திறக்காது. விந்தணுவே இல்லை என்று முடிவு வந்தாலும் அப்படித்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் அக்குபஞ்சரில் செலவழிக்கும் ஒவ்வொரு மாதமும் சினைப்பையின் கணக்கில் கழிகிறது. வயதோடு முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைவதை நிறுத்தி வைக்க இன்றுவரை எந்த மருத்துவ முறைக்கும் முடியவில்லை.

இரண்டாம் படி: அக்குபஞ்சர் எதற்கு உதவும், எதற்கு உதவாது

விளம்பரப் பலகைகளில் காணும் வாக்குறுதிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 2002இல் ஜெர்மனியில் 160 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கரு உருவாக்கும் ஐ.வி.எஃப். முறையில், கருவைக் கருப்பையில் வைக்கும் நாளன்று, வைப்பதற்கு முன் 25 நிமிடமும் பின் 25 நிமிடமும் பாதிப் பேருக்கு அக்குபஞ்சர் கொடுத்தார்கள். அவர்களில் 42.5 விழுக்காட்டினர் கருவுற்றார்கள். அக்குபஞ்சர் இல்லாதவர்களில் 26.3 விழுக்காட்டினர். இந்த எண்கள்தான் உலகம் முழுக்கப் பரவின.

அந்த ஆய்வில் ஒரு குறை இருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தாங்கள் ஊசி போட்டுக்கொண்டது தெரியும், ஒப்பீட்டுக்குப் போலி ஊசி எதுவும் இல்லை. அதனால் தோலுக்குள் இறங்காத போலி ஊசியை வைத்துப் பிறகு பல ஆய்வுகள் நடந்தன. 2009இல் ஹாங்காங்கில் 370 பெண்களிடம் நடந்ததில் போலி ஊசிக் குழுவில் 55.1 விழுக்காட்டினரும், உண்மை ஊசிக் குழுவில் 43.8 விழுக்காட்டினரும் கருவுற்றார்கள். 2018இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக 848 பெண்களிடம் நடந்த ஆய்வில், குழந்தை பெற்றவர்கள் உண்மை ஊசியில் 18.3 விழுக்காடு, போலியில் 17.8. வேறுபாடு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சீனாவில் 1,000 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், முட்டை வளர உதவும் குளோமிஃபீன் மாத்திரை எடுத்தவர்களில் 28.7 விழுக்காட்டினர் குழந்தை பெற்றார்கள், எடுக்காதவர்களில் 15.4. மாத்திரை கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியது. அக்குபஞ்சர் சேர்த்ததால் அந்த எண்ணிக்கை கூடவில்லை. அக்குபஞ்சர் பிறந்த நாட்டிலேயே, பயிற்சி பெற்றவர்களே செய்த ஆய்வு அது. நீர்க்கட்டிக்கு மாத்திரையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் ஏன் போக வேண்டும்? பதற்றத்துக்காகப் போகலாம். மாதக்கணக்கில் ஊசி, ஸ்கேன், காத்திருப்பு, மாமியார் வீட்டுக் கேள்விகள் என்று இறுகிப்போன உடம்புக்கு, அரை மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்பதே பெரிய ஆறுதல். போய்வந்த அன்று நன்றாகத் தூங்கியதாகப் பலர் சொல்கிறார்கள். கழுத்து வலி, இடுப்பு வலி, தலைவலி குறைவதும் உண்டு. மணிக்கட்டின் உள்பக்கம், மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே இருக்கும் புள்ளி குமட்டலுக்கு உதவுவதாக அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளும் காட்டுகின்றன. கருத்தரிப்புச் சிகிச்சையை இடையில் விட்டுவிடுவோரில் பலர் மனம் சோர்ந்துதான் விடுகிறார்கள். அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் எதையும் நான் மதிக்கிறேன். குழந்தை கிடைக்கும் என்ற உறுதிமொழிக்காகப் பணம் கட்டாதீர்கள். நிம்மதிக்காகக் கட்டுகிறோம் என்று தெரிந்தே கட்டுங்கள்.

மூன்றாம் படி: யாரிடம் போவது

நம் பக்கத்தில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். மெல்லிய ஊசியைக் குத்தி இருபது, முப்பது நிமிடம் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்புபவர்கள் இன்னொரு வகை. மேலே சொன்ன ஆய்வுகளெல்லாம் ஊசியைப் பற்றியவை. தொடு சிகிச்சையில் தோலுக்கு எந்தத் தீங்கும் இல்லை, ஆபத்து அதோடு சேர்ந்து வரும் அறிவுரையில்தான் இருக்கிறது. “எல்லா மருந்தையும் நிறுத்துங்கள், பரிசோதனையே வேண்டாம், உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்” என்பது அந்த அறிவுரை. இதைச் சொல்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள், அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சரி.

2019இல் மத்திய அரசு அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சுவரில் தொங்கும் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே தரமல்ல. சில வார வகுப்பில் வாங்கியதும் இருக்கும், பல ஆண்டு படித்து வாங்கியதும் இருக்கும். இயற்கை மற்றும் யோகா மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு படிக்கிறார்கள், அதில் உடற்கூறியலும் உண்டு, அக்குபஞ்சரும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில் முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு தனியாரிடம் போகலாம்.

முதல் சந்திப்பில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம், பேசிவிட்டு மட்டும் வாருங்கள். ஐ.வி.எஃப். எடுக்கும் பெண்களுக்குச் செய்த அனுபவம் உண்டா, முட்டை வளரும் நாட்களில் அடிவயிற்றைத் தொடுவீர்களா, கரு வைத்த பிறகு எந்தப் புள்ளிகளை விடுவீர்கள், என் மருத்துவரோடு பேசத் தயாரா என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்று சொல்பவர்கூடப் பரவாயில்லை, கேள்வி கேட்டதற்கே முகம் சுளிப்பவர் வேண்டாம். இருபது முறைக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சிகிச்சை ஒரு மாதம் தள்ளிப்போகலாம், முதல் மாதமே கருவும் தங்கலாம்.

ஊசி எப்படி வருகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, பின்பக்கம் காகிதம் ஒட்டிய சிறு பிளாஸ்டிக் உறையில் வரும். உறையில் கிருமிநீக்கம் செய்ததற்கான குறியும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும். அதை உங்கள் எதிரிலேயே கிழிக்க வேண்டும். ஊசி தலைமுடியைவிடச் சில மடங்குதான் தடிமன், கால் மில்லிமீட்டர் அளவு. மெல்லிய குழாய்க்குள் வைத்து ஒரு தட்டு தட்டினால் இறங்கிவிடும். குத்தும்போது எறும்பு கடித்த அளவு வலி, பிறகு அந்த இடத்தில் மந்தமான கனம். எடுக்கும்போது எண்ணி எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். முதுகிலும் கூந்தலுக்குள்ளும் ஒன்று தங்கிவிடுவது நடக்கக்கூடியதுதான். எடுத்த ஊசிகள் மூடிய டப்பாவுக்குள் போக வேண்டும். சுடுநீரில் கழுவி மறுபடி பயன்படுத்தும் இடத்தைப் பார்த்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். கல்லீரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் அந்த வழியில் பரவக்கூடியவை.

நான்காம் படி: இருவருக்கும் ஒரே நோட்டு

அக்குபஞ்சர் பார்ப்பதை மருத்துவரிடம் மறைப்பவர்கள் அதிகம். திட்டுவார் என்ற பயம். திட்டினாலும் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் மாத்திரையோ ஹெப்பாரின் வகை ஊசியோ கொடுத்திருந்தால், அக்குபஞ்சர் ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கன்றிப்போகும். வலிப்பு நோய், இதயத்தில் பேஸ்மேக்கர், இரத்தப் பிளேட்லெட் குறைவு ஆகியவை இருந்தால் இரு தரப்புக்கும் தெரிந்தாக வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் மருத்துவர் கொடுத்த மருந்து, அளவு, நேரம். வலது பக்கம் அக்குபஞ்சர் போட்ட தேதி, உடம்பில் எந்த இடம், வேறு ஏதாவது உண்ணக் கொடுத்தார்களா என்பது. கடைசியில் சொன்னது மிக முக்கியம். ஊசியோடு சேர்த்துப் பொடி, லேகியம், கஷாயம் தருபவர்கள் உண்டு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஹார்மோன் ஊசி போடும் மாதத்தில் வாயில் வைக்காதீர்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் நினைவில் நிற்கிறார். கரு வைக்கத் தேதி குறித்திருந்தது. முந்தைய இரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு எங்கோ போயிருந்தது. மஞ்சள் பையிலிருந்து மருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். தைராய்டு மாத்திரை டப்பா மட்டும் பிரிக்கவே இல்லை. “அக்கா, அது வேண்டாம் என்று தொடு சிகிச்சை பார்ப்பவர் சொன்னார், நாடி சரியாகிவிட்டதாம்” என்றார். பக்கத்தில் இருந்த மாமியார், “டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு நிறுத்து என்று நான் சொன்னேனே தாயி” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உறைய வைத்திருந்த கருவை அப்படியே வைத்திருந்து, மாத்திரையை மறுபடி தொடங்கி, அளவு இறங்கிய பிறகுதான் வைத்தார்கள். சில மாதங்கள் போயின. தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம், புரோஜெஸ்டிரோன் (கருவைத் தாங்க உதவும் ஹார்மோன்) மருந்துகளில் ஒன்றைக்கூட, எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

ஐந்தாம் படி: எந்த நாளில் என்ன

தயாரிப்பு மாதங்கள்: சினைப்பையில் ஒரு முட்டை முதிர்ந்துவர ஏறத்தாழ மூன்று மாதம், விந்தணு உருவாக இரண்டரை மாதம். அக்குபஞ்சர் பார்ப்பவர்கள் மூன்று மாதம் முன்பே வரச் சொல்வது இந்தக் கணக்கில்தான். வாரம் ஒருமுறை போதும். ஆனால் 37, 38 வயதுக்காரர்கள் இதற்காக ஐ.வி.எஃப். தேதியைத் தள்ளிப்போடக் கூடாது. புகையிலை, சிகரெட், மதுவைக் கணவர் விடுவதற்கும், எடையைச் சற்றுக் குறைப்பதற்கும், ஃபோலிக் அமில மாத்திரை தொடங்குவதற்கும் இந்த மாதங்கள் அதிகம் பயன்படும்.

விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையில் செய்பவர்களுக்குக் கட்டுப்பாடு குறைவு. ஸ்கேன் நாளும் விந்தணு செலுத்தும் நாளும் மட்டும் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முட்டை வளர்க்கும் ஊசி நாட்கள்: ஐ.வி.எஃப்.பில் மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்கி எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போடுவார்கள். சினைப்பைகள் வீங்கி, தொட்டாலே வலிக்கும். அடிவயிற்றில் ஊசியோ அழுத்தமோ வேண்டாம். கை, கால், தலை போதும். இந்த நாட்களில் ஒருமுறையோ இருமுறையோ போனால் நிறைவு. வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்து, ஓரிரு நாளில் எடை கூடினால் அது சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி. அன்று அக்குபஞ்சருக்குப் போகாமல் உங்கள் மையத்துக்கு உடனே போக வேண்டும்.

விரதம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்து திருப்பரங்குன்றத்துக்கும் பழமுதிர்சோலைக்கும் போகாத குழந்தைவரம் வேண்டுவோர் நம் பக்கம் குறைவு. அந்த ஆறு நாளும் ஊசி நாட்களில் விழுந்தால் மருத்துவரிடம் கேட்டுத் தண்ணீர், பால், பழம் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்களுக்காக அம்மாவோ அத்தையோ விரதம் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு அக்குபஞ்சர் படுக்கையில் படுத்தால் தலைசுற்றி மயக்கம் வரும். போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியாவது சாப்பிட்டிருக்க வேண்டும்.

முட்டை எடுக்கும் நாள்: முட்டைகளை முதிர வைக்கக் கடைசியாகப் போடும் டிரிக்கர் ஊசியிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். திங்கள் இரவு பத்து மணிக்குப் போட்டால் புதன் காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில். தாமதமானால் முட்டைப்பைகள் தாமாகவே வெடித்து முட்டைகள் வெளியேறிவிடலாம். மயக்க மருந்துக்காக வயிற்றைக் காலியாக வைத்திருப்பதால் அன்று காலை அக்குபஞ்சர் கூடாது. வலி குறைய முட்டை எடுக்கும் அறையிலேயே அக்குபஞ்சர் சேர்க்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. உங்கள் மையமே ஏற்பாடு செய்தால் ஒழிய அதை நினைக்க வேண்டாம். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் சிகிச்சை எடுப்பவர்கள் எதிர்சேவை நாளையும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளையும் காலண்டரில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அந்த நாளில் முட்டை எடுக்க வேண்டியிருந்தால் முந்தைய நாளே மையத்துக்கு அருகில் வந்து தங்கிவிடுங்கள்.

கரு வைக்கும் நாள்: முன்னும் பின்னும் அக்குபஞ்சர் போட்டால்தான் கரு ஒட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதை மேலே பார்த்தோம். மனம் அமைதியாகும் என்று விரும்பினால், மையத்திலேயோ மிக அருகிலோ வசதி இருந்தால் செய்துகொள்ளலாம். கரு வைக்கும்போது சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்க வேண்டும். ஆகவே அக்குபஞ்சரை முடித்துவிட்டுப் பிறகு தண்ணீர் குடியுங்கள். முட்டும் சிறுநீரோடு 25 நிமிடம் ஊசிகளுடன் அசையாமல் படுத்திருப்பது வதை. அக்குபஞ்சர் பார்ப்பவர் நகரத்தின் மறுகோடியில் இருந்தால் விட்டுவிடுங்கள். பஸ்ஸில் போனால் கரு கீழே விழுந்துவிடும் என்பதற்காக அல்ல, அப்படி விழாது. நாள் முழுக்கப் படுத்தே கிடக்க வேண்டிய தேவையும் இல்லை. அன்று ஓட்டமும் அவசரமும் வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

காத்திருக்கும் நாட்கள்: கரு வைத்த பின் இரத்தப் பரிசோதனைக்கு ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள். அக்குபஞ்சரின் சொந்த மரபே கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்லும் புள்ளிகள் இருக்கின்றன: கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சதை, கணுக்காலின் உள்பக்கம் நான்கு விரல் மேலே, தோள்மேடு, இடுப்பின் பின்பகுதி, அடிவயிறு. கருச்சிதைவு ஏற்படும் என்று ஆய்வுகள் நிரூபிக்கவில்லை என்றாலும், இந்த நாட்களில் அங்கே குத்த வேண்டிய கட்டாயமும் எதுவும் இல்லை. வயிற்றின் மேல் மூலிகை புகைத்துச் சூடு காட்டுவதும் வேண்டாம்.

இன்னொரு தொல்லை நாடி பார்த்து முடிவு சொல்வது. “நாடி இரட்டையாகத் துடிக்கிறது, கரு நின்றுவிட்டது” என்று கேட்டுவிட்டுப் பழத்தட்டோடு கோயிலுக்குப் போனவர்களையும், “ஒட்டவில்லை” என்று கேட்டுப் புரோஜெஸ்டிரோனை நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கொடுமையானது, மருந்தை நிறுத்தினால் தங்கிய கருவும் போகலாம். டிரிக்கர் ஊசியின் ஹார்மோன் உடம்பில் மிச்சமிருப்பதால் வீட்டில் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனைகூடச் சீக்கிரம் செய்தால் பொய் சொல்லும். கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா ஹெச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் கணக்கு.

முடிவு வந்த பிறகு

கரு தங்கவில்லை என்றால், “மூன்று முறை வராமல் விட்டீர்கள், அதனால்தான்” என்று உங்களிடம் யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். அது உண்மையல்ல. கரு ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் குறைபாடுதான் காரணம், அதில் உங்கள் கையில் எதுவும் இல்லை. அடுத்த சுற்று எப்போது என்பதை மருத்துவரோடு பேசுங்கள். அதுவரை அக்குபஞ்சர் ஆறுதல் தருகிறது என்றால் தொடருங்கள், அலுத்துவிட்டது என்றால் நிறுத்திவிடுங்கள். எதை நிறுத்தினாலும் குற்ற உணர்வு வேண்டாம்.

தங்கியிருந்தால், அக்குபஞ்சர் பார்ப்பவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். ஆறு, ஏழு வாரத்தில் ஸ்கேனில் இதயத்துடிப்பைப் பார்க்கும்வரை ஊசி இல்லாமல் இருப்பதே என் அறிவுரை. வாந்தி அதிகமாக இருந்தால் மணிக்கட்டுப் புள்ளியை விரலால் அழுத்திக்கொள்ளலாம். ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, இரத்தக் கசிவு, தோள்பட்டை வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் கரு குழாயில் தங்கியிருக்க வாய்ப்புண்டு, ஐ.வி.எஃப்.பிலும் அது நடக்கும். வலிக்கு ஊசி போட்டுப் பார்ப்போம் என்று ஒரு மணி நேரம்கூட வீணாக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு உங்கள் மருந்துகள் எல்லாம் அதில் கிடைத்துவிடும்.